டெஸ்மண்ட் டெக்கர்: ‘இஸ்ரேலைட்ஸ்’ ஜாலிப் பாட்டா?

#1 ஊசித்தட்டு (மதுரை)

வணக்கம் நண்பர்களே. இன்னொரு இழையில் ‘கடற்கரைப் பயணத்துக்கு ஏற்ற ஜாலிப் பாடல்கள்’ என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. அதில் ஜமேக்காவின் டெஸ்மண்ட் டெக்கர் பாடிய ‘இஸ்ரேலைட்ஸ்’ இருந்தது. போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகமே அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் மனசு கேட்கவில்லை, அதனால் தனி இழை.

பாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவன் விடிகாலையில் எழுந்து மாடாய் உழைக்கிறான், வீட்டில் உள்ள ஒவ்வொரு வாய்க்கும் சோறு போட. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சட்டை கிழிந்துவிட்டது. கொள்ளையடித்துச் சுடப்பட்டுச் சாகவும் அவனுக்கு இஷ்டமில்லை. அந்த நேரத்தில் பரபரப்பாக ஓடிக்கொண்டிருந்த ‘பானி அண்ட் கிளைட்’ படத்தின் ஜோடியைச் சொல்லி, அவர்கள் மாதிரி முடிய வேண்டாம் என்கிறான். புயல் அடித்தால் பிறகு ஓயத்தானே வேண்டும் என்று தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொள்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

இது பிறந்த கதையை டெக்கரே சொல்லியிருக்கிறார். ஒரு பூங்காவில் சோளப்பொரி கொறித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அங்கே ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் காசு விஷயமாகச் சண்டை. அவளுக்குச் செலவுக்குப் பணம் வேண்டும், அவன் பார்க்கிற வேலையில் அவ்வளவு வராது. அதைக் கேட்டபடியே நடந்தவருக்கு முதல் வரி வாயில் வந்துவிட்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

1968இல் ஜமேக்காவில் வந்தது. 1969 ஏப்ரலில் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம், அதே வருஷம் அமெரிக்காவில் 9ஆம் இடம். கிங்ஸ்டனில் பதிவான ஒரு பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. மார்வின் கேயை இறக்கிவிட்டு ஏறியது, அடுத்த வாரம் பீட்டில்ஸ் வந்து அதை இறக்கினார்கள்.

இவரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

#2 கிங்ஸ்டன்_ராசு

அருமையான இழை தலைவரே. ஆனா ஒரு கேள்வி. ஜமேக்காவோட ரெக்கே இசையை உலகத்துக்குக் கொண்டுபோனது பாடகர் பாப் மார்லிதானே? டெக்கர் ஒரு பாட்டு ஹிட் கொடுத்தவர்னுதான் நான் படிச்சிருக்கேன். முன்னோடின்னு சொல்றது கொஞ்சம் பெரிய வார்த்தை இல்லையா?

#3 ஊசித்தட்டு

ராசு, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மார்லியும் டெக்கரும் கிங்ஸ்டனில் ஒரே வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். டெக்கர் 1941 ஜூலை 16இல் பிறந்தவர். இயற்பெயர் டெஸ்மண்ட் அடால்ஃபஸ் டேக்ரஸ். மார்லிக்கு மூன்றரை வயசு மூத்தவர். அம்மா நோயில் போய்ச் சேர்ந்ததும் அப்பாவோடு செயின்ட் தாமஸ் பகுதிக்குப் போய், அங்கே தையல் பழகி, பிறகு கிங்ஸ்டனுக்குத் திரும்பி வெல்டிங்கில் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே பாடுவார். கூட இருந்தவர்கள்தான் ‘போய்ப் பாடிக்காட்டு’ என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

1961இல் அன்றைய இரண்டு பெரிய இசைத்தட்டுத் தயாரிப்பாளர்கள், காக்ஸன் டாட், டியூக் ரீட், இருவரிடமும் பாடிக்காட்டினார். இருவருமே வேண்டாம் என்றார்கள். பிறகு லெஸ்லி காங்கின் ‘பெவர்லிஸ்’ இசைத்தட்டு நிறுவனம். அங்கே குரல் தேர்வு வைத்தவர் டெரிக் மோர்கன். அப்போது அவர்தான் நட்சத்திரம். அவருக்குப் பிடித்துவிட்டது. காங்கும் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் உடனே பதிவு செய்யவில்லை. சரியான பாட்டோடு வா என்று சொல்லி இரண்டு வருஷம் காக்கவைத்தார்.

அந்தக் காத்திருப்பின்போதுதான் டெக்கர் பட்டறைச் சகாவான மார்லியை ‘அங்கே போய்ப் பாடு’ என்று அனுப்பிவைத்தார். மார்லியின் முதல் இசைத்தட்டு ‘ஜட்ஜ் நாட்’ 1962இல் பெவர்லிஸில்தான் வந்தது. தன் முதல் தட்டு வருவதற்கு முன்னாலேயே அடுத்தவனுக்கு வழிகாட்டியவர். டெக்கரின் முதல் பாட்டு 1963இல்தான் வந்தது.

‘ஒரு பாட்டு’ என்பதும் சரியில்லை. பிரிட்டனில் மட்டும் எடுத்துக்கொண்டால் 1967இல் ‘007’ 14ஆம் இடம், 1969இல் ‘இட் மெக்’ 7ஆம் இடம், 1970இல் ‘யூ கேன் கெட் இட் இஃப் யூ ரியலி வான்ட்’ 2ஆம் இடம். மார்லி பிரிட்டனில் தரவரிசைப் பக்கம் வந்தது 1975இல். அதற்குள் அந்த ஊர்க் காது ரெக்கேக்குப் பழகியிருந்தது. பழக்கியவர்களில் முதல் ஆள் டெக்கர்.

#4 மெல்லிசை_மீரா

முதல் ஆள்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஜமேக்காவோட மில்லி ஸ்மால் எங்க போனாங்க? 1964லயே ‘மை பாய் லாலிபாப்’ பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் 2ஆம் இடம். பதினாறு பதினேழு வயசுப் பொண்ணு. பெண் பாடகி, அதுவும் சின்னப் பொண்ணு, விளையாட்டுப் பாட்டுன்னு எல்லா வரலாற்றுலயும் ஒரு வரியில கடந்து போறாங்க. இந்த இழையிலயும் அப்படி ஆயிடக்கூடாது.

#5 ஊசித்தட்டு

மீரா சொல்வது நியாயம். விட்டுப்போனது என் தவறுதான். கரீபியன் தாளம் உலகச் சந்தையில் விற்கும் என்று தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல்லுக்கு நிரூபித்தது மில்லியின் குரல்தான். அந்த வருமானத்தில்தான் அவருடைய ஐலண்ட் நிறுவனம் கால் ஊன்றியது. பின்னால் மார்லியை வெளியிட்டதும் அதே ஐலண்ட்.

நான் சொல்ல வந்த வித்தியாசம் வேறு. மில்லியின் பாட்டு லண்டனில் பதிவானது, மூலப்பாட்டு அமெரிக்காவில் பார்பி கே 1956இல் பாடியது. கிட்டார் கலைஞர் எர்னஸ்ட் ரேங்லின் ஜமேக்கக் கைவண்ணத்தில் அதை மாற்றி அமைத்தார். டெக்கருடையது கிங்ஸ்டன் சேரிப் பேச்சில் கிங்ஸ்டன்காரரே எழுதி, அங்கேயே அந்த ஊர் வாத்தியக்காரர்களோடு பதிவானது. வெளிநாட்டுக்காரனுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

#6 நாஞ்சில்_ஜெபா

நான் சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாமா.

முதலில் அந்தத் தலைப்பு. இன்றைய இஸ்ரேல் நாட்டுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நம் வேதாகமத்தில் வருகிற ‘இஸ்ரவேலர்’தான். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக் கஷ்டப்பட்ட ஜனம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாத்திராகமம் தங்கள் சொந்தக் குடும்பக் கதை மாதிரி. குறிப்பாக ரஸ்தஃபாரி நம்பிக்கைக்காரர்கள், தாங்களே இஸ்ரவேலர், தாங்கள் சிக்கியிருக்கிற இடமே பாபிலோன் என்று சொன்னார்கள். அவர்கள் தெய்வமாகவே கொண்டாடிய எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலி செலாசி 1966 ஏப்ரல் 21இல் கிங்ஸ்டனில் வந்து இறங்கியபோது விமான நிலையமே கொள்ளாத கூட்டம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த பாட்டு இது. அன்றாடங்காய்ச்சி ஒருவன் தன்னை இஸ்ரவேலன் என்று சொல்லும்போது, ‘நான் ஏழை’ என்பதோடு ‘எனக்கு ஒரு மீட்பு உண்டு’ என்பதும் சேர்ந்தே ஒலிக்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் அழுகையும் ஜெபமும் பிரிக்க முடியாமல் கேட்கும்.

டெக்கர் பாட்டியோடும் அத்தையோடும் சபைக்குப் போய்க் கீர்த்தனை பாடி வளர்ந்த பிள்ளை. அது 1963இல் வந்த முதல் பாட்டிலேயே தெரியும். ‘ஹானர் யுவர் மதர் அண்ட் ஃபாதர்’. ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்வோமே, அந்தக் கட்டளையேதான். தாயை இழந்த பையன் முதல் தட்டில் அதைப் பாடினான் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

இன்னொன்று. போனி எம் பாடியதாக நம் எல்லோருக்கும் தெரிந்த ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ பாட்டை முதலில் 1970இல் மெலோடியன்ஸ் குழுவை வைத்துப் பதிவு செய்ததும் இதே லெஸ்லி காங்தான். 137ஆம் சங்கீதம். ‘பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.’ அதையும் உலகம் கைதட்டி ஆடித்தான் கேட்டது.

#7 கிங்ஸ்டன்_ராசு

அக்கா, ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ விஷயம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எங்க வீட்டுல கேசட் தேய்ஞ்சு போற வரைக்கும் ஓடின பாட்டு. நன்றி.

லெஸ்லி காங் பத்தி யாராவது சொல்லுங்களேன். பேரைப் பார்த்தா சீனர் மாதிரி இருக்கே?

#8 ஊசித்தட்டு

ஆமாம், சீன வம்சாவளி ஜமேக்கர். கிங்ஸ்டன் ஆரஞ்சு தெருவில் அண்ணன் தம்பிகளோடு பெவர்லிஸ் என்று ஐஸ்கிரீம் பார்லரும் தட்டுக் கடையும் வைத்திருந்தவர். பாட்டுத் தொழிலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஒருநாள் ஜிம்மி கிளிஃப் என்ற பள்ளிக்கூடப் பையன், கடையின் பெயரையே வைத்து ஒரு பாட்டுக் கட்டி வந்து கடை வாசலில் பாடிக்காட்டினான், ‘என்னைப் பதிவு செய்யுங்கள்’ என்று. அதில் ஆரம்பித்தது எல்லாம். கிளிஃப், மார்லி, டெக்கர், மேட்டல்ஸ் குழு என்று எத்தனை பேர் அந்தக் கடைப்படி ஏறியிருக்கிறார்கள்.

டெக்கருக்குப் பெரிய வெற்றிகள் எல்லாம் காங் இருந்த காலத்தில்தான். ‘இஸ்ரேலைட்ஸ்’ தட்டில் எழுதியவர் என்று இரண்டு பேர் பெயரும் இருக்கும், டேக்ரஸ், காங். 1971 ஆகஸ்டில் காங் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு டெக்கருக்கு அப்படி ஒரு கை அமையவே இல்லை.

#9 கிட்டார்_சிவா

இசை பக்கம் கொஞ்சம் பேசுவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ‘இஸ்ரேலைட்ஸ்’ தொடக்கம்.

நம்ம ஊர்க் கச்சேரியில விருத்தம் பாடுவாங்க இல்ல? தாளக்கட்டு இல்லாம, சொல்லை இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு. அது முடிஞ்சு பாட்டை எடுக்கும்போது மிருதங்கம் உள்ள வரும். அந்த நொடியில உடம்பு நிமிரும். டெக்கர் செய்யறது அதேதான். முதல் வரிகளைக் கிட்டார் மேல சும்மா மிதக்க விட்டுப் பாடறார். காலையில எழுந்திரிச்ச மனுஷனோட அலுப்பு மொத்தமும் அந்த இழுவையில இருக்கு. அப்புறம் தாளம் விழுது. அலுப்பு அப்படியே இருக்க, கால் மட்டும் நடக்க ஆரம்பிச்சிடுது. வேலைக்குப் போறவன் நடை அது.

தாளத்தை இப்படிக் கேட்டுப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு தட்டும்போது கிட்டார் அந்தத் தட்டுல விழாது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல வெட்டும். ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெக்கே மூணுக்கும் அந்த வெட்டுதான் முதுகெலும்பு. ஸ்காவுல அது ஓட்டமும் நடையுமா போகும், ஊதுகருவிகள் முன்னாடி நிக்கும். 1966 வாக்குல வேகம் தணிஞ்சு ராக்ஸ்டெடி ஆச்சு. ஊதுகருவி பின்னாடி போய் பேஸ் கிட்டார் பேச ஆரம்பிச்சது. பேஸ் அங்க சும்மா அடித்தளம் போடற வேலை பண்ணாது, அதுக்குன்னு தனியா ஒரு மெட்டு இருக்கும். 1968ல ஆர்கன் குமிழ் குமிழா மேல வர, கிட்டார் வெட்டு இன்னும் அழுத்தமாக, ரெக்கே.

டெக்கர் இந்த மூணுலயும் முன்வரிசையில இருந்தவர். ‘கிங் ஆஃப் ஸ்கா’ பாட்டுல பின்பாட்டு மேட்டல்ஸ். ‘007’ சுத்தமான ராக்ஸ்டெடி. ‘இஸ்ரேலைட்ஸ்’ ரெக்கே பிறந்த வருஷத்துப் பாட்டு. ஆறே வருஷத்துல ஒரு நாட்டோட இசை மூணு தடவை சட்டை மாத்துது, இவர் குரல் மூணுக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கு. உச்சத்துல கள்ளக்குரலுக்குத் தாவி, ஒரு சொல்லுக்குள்ளேயே திரும்பி இறங்குவார் பாருங்க, பாடிப் பார்த்தாதான் எவ்வளவு கஷ்டம்னு தெரியும். கூட ஏசஸ் குழுவோட பின்பாட்டு. நாலு வரிக்கு ஒரு தடவை அவங்க வந்து தோள் கொடுக்கறாங்க.

#10 கிங்ஸ்டன்_ராசு

சிவா சார், விருத்தம்னு சொன்னதும் மறுபடி போட்டுக் கேட்டேன். ஆமா. இனி அதை வேற மாதிரி கேட்கவே முடியாது.

‘007’ எதைப் பத்தினது? ஜேம்ஸ் பாண்ட் பாட்டா?

#11 ஊசித்தட்டு

பெயர் மட்டும்தான் பாண்ட். 1962 ஆகஸ்ட் 6இல் ஜமேக்காவுக்குச் சுதந்திரம். அதன் பின் கிராமங்களிலிருந்து வேலை தேடிக் கிங்ஸ்டனுக்கு வந்த பையன்கள் ஏராளம். வேலை கிடைக்கவில்லை. மேற்குக் கிங்ஸ்டனில் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகள். சினிமாவில் பார்த்த துப்பாக்கி வீரர்களின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு திரிந்த அந்தப் பையன்களைத்தான் ‘ரூட் பாய்’ என்றார்கள். 1966இல் பேக்-ஓ-வால் என்ற குடிசைப் பகுதியை அரசே புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது. குடியிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

‘007’ பற்றி டெக்கர் சொன்னது: மாணவர் ஆர்ப்பாட்டம் ஒன்று கலவரமாக மாறியதையும், மேல்தட்டுக்காரர்கள் கடலோரச் சேரியை இடிக்கப் பார்த்ததையும் வைத்துக் கட்டியது. பாட்டில் அவர் பையன்களைப் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள், சுடுகிறார்கள், மறுபடி உள்ளே போகிறார்கள். தெருமுனையில் நின்று பார்த்தவன் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு முன்னால் தாய் தகப்பனை மதி, படி, உழை என்று புத்தி சொல்லும் பாட்டுகளே அதிகம் பாடியவர். அதனால்தான் அந்தப் பையன்கள் இவரைத் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. புத்தி சொல்லும்போதும் மேலே நின்று சொல்லாத குரல் என்பதால் இருக்கலாம்.

சொந்த ஊரில் மரியாதைக்கும் குறைவில்லை. சுதந்திர விழாப் பாட்டுப் போட்டியில் 1967இல் ‘யூனிட்டி’ இரண்டாம் இடம், 1968இல் ‘இன்டென்சிஃபைட்’ முதலிடம்.

#12 தெல்லிப்பளையான் (குரொய்டன்)

வணக்கம். கனகாலமாய் வாசிக்கிறனான், எழுதினது குறைவு. இந்த இழையைக் கண்டாப் பிறகு எழுதாமல் இருக்க ஏலாது. நான் இருக்கிறது லண்டனுக்குத் தெற்கே தோர்ன்டன் ஹீத்தில. எங்கட சனம் நிறைய இருக்கிற இடம் எண்டு இங்க பலருக்குத் தெரியும். டெக்கர் கடைசியாய் இருந்ததும், 2006 மே 25இல மாரடைப்பில செத்ததும் இதே தோர்ன்டன் ஹீத்தில உள்ள வீட்டிலதான். வயசு 64. அடக்கம் செய்தது ஸ்ட்ரெத்தம் பார்க் மயானத்தில. அவர் இருக்கும்போது நான் இங்க இருந்தும், ஆரெண்டு அறியாமல் இருந்திட்டன். அதை நினைக்க இப்பவும் கவலைதான்.

எனக்கு இவரைச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மா. தாதியாய் வேலை செய்து ஓய்வு பெற்றவ. 1968 ஏப்ரல் 20இல ஈனொக் பவல் எண்ட அரசியல்வாதி பேர்மிங்காமில குடியேற்றக்காரருக்கு எதிராய்ப் பேசின பேச்சு பிரசித்தம். அதுக்குப் பிறகு பஸ்ஸில ஏறினால் ஆர் என்ன சொல்லுவினம் எண்டு பயந்துகொண்டுதான் வேலைக்குப் போறது எண்டு அந்த அம்மா சொல்லுவா. சரியாய் ஒரு வருசம் கழிச்சு அடுத்த ஏப்ரலில ‘இஸ்ரேலைட்ஸ்’ முதலாம் இடம். தன்னோட வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் சொல் விளங்காமல் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வோர்டில திரிஞ்சவையாம். ‘எங்கட பேச்சு அவையின்ர வாயில’ எண்டு சொல்லேக்க அந்த அம்மாவின்ர முகத்தைப் பார்க்க வேணும்.

ஜாலிப் பாட்டு எண்டு கேக்கிறவையில பிழை சொல்ல எனக்கு மனம் வரயில்லை. ஆனால் அந்த அம்மா அதைக் கேக்கேக்க எழும்பி ஆடுவா, கண்ணும் கலங்கும். ரெண்டும் ஒண்டாய்த்தான்.

#13 ஊசித்தட்டு

தெல்லிப்பளையான் அண்ணா, இந்த இழைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அந்த அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அன்றைக்கு வானொலிகள் இந்த இசையை அவ்வளவாகத் தொடவில்லை. ‘இஸ்ரேலைட்ஸ்’ பிரிட்டனில் மாதக்கணக்காக நடன அரங்குகளில்தான் ஓடியது. அங்கே ஆடியவர்களில் ஜமேக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள், கூலிக்காரக் குடும்பத்து வெள்ளைப் பையன்களும் இருந்தார்கள். டெக்கர் கால்சட்டையை அடியில் வெட்டிக் குட்டையாக்கிப் போட்டால், அவர்களும் அதே மாதிரி உயர்த்தி மடித்துவிட்டுக்கொண்டார்கள்.

#14 மெல்லிசை_மீரா

சொல் விளங்காததுன்னு வந்ததால கேட்கறேன். இந்தப் பாட்டை விளம்பரத்துல போட்டாங்கன்னு ஒரு கதை சொல்றாங்களே, அது உண்மையா?

#15 ஊசித்தட்டு

உண்மைதான், இரண்டு விளம்பரங்கள். 1990 வாக்கில் மேக்ஸெல் கேசட் விளம்பரம். ‘இஸ்ரேலைட்ஸ்’ என்பது ‘என் காது பற்றி எரிகிறது’ என்பது மாதிரி காதில் விழுகிறதாம். தப்பாய்க் கேட்ட வரிகளை அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். எங்கள் கேசட்டில் போட்டால் தெளிவாய்க் கேட்கும் என்பது செய்தி.

அதைக்கூட விடலாம். என்னால் தாங்க முடியாதது 80களில் வந்த இன்னொன்று. விட்டாலைட் என்ற மார்ஜரின் நிறுவனம் இதே மெட்டில் வார்த்தையை மாற்றிப் பாடவைத்தது. ரொட்டிக்காக மாடாய் உழைப்பவனின் பாட்டு, ரொட்டியில் தடவுகிற பொருளை விற்கப் போனது. அதே 80களில், 1984இல், டெக்கர் பிரிட்டனில் திவாலானார். கோடிக்கணக்கான வீடுகளில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பாடியவர் கையில் காசு இல்லை.

#16 கிட்டார்_சிவா

நடுவுல ஒரு நல்ல காலமும் இருந்துச்சு, அதை விட்டுடக் கூடாது. 1975ல ‘இஸ்ரேலைட்ஸ்’ மறுபடி வெளியாகி மறுபடி முதல் பத்துக்குள்ள வந்தது. 1979ல காவென்ட்ரி நகரத்துல டூ டோன்னு ஒரு சின்ன நிறுவனம், ஸ்பெஷல்ஸ் மாதிரி கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழுக்கள். பழைய ஸ்காவை பங்க் ராக் வேகத்துல வாசிச்சாங்க. அந்த அலையில 1980ல ஸ்டிஃப் நிறுவனம் டெக்கரைக் கூப்பிட்டு ‘பிளாக் அண்ட் டெக்கர்’ ஆல்பம் போட்டது. அடுத்த வருஷம் ‘கம்பஸ் பாயின்ட்’, தயாரிச்சது பாடகர் ராபர்ட் பாமர். எனக்கு அது ரெண்டும் பெரிசா ஒட்டலை. பழைய பாட்டுல இருந்த இடைவெளி, அந்த மூச்சு, அதுல இல்லை. ஆனா 1993ல ஸ்பெஷல்ஸ் ஆளுங்களோட சேர்ந்து ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ பண்ணினார் பாருங்க, அதுல அவர் தன்னோட வாத்தியார்களோட பாட்டுகளைப் பாடறார், டெரிக் மோர்கன் உட்பட. குரல்ல நன்றி இருக்கு.

#17 நாஞ்சில்_ஜெபா

‘யூ கேன் கெட் இட்’ ஜிம்மி கிளிஃப் எழுதியது என்பதையும் சொல்லிவிடுங்கள். டெக்கர் தன் சொந்தப் பாட்டையே பாட விரும்பியவர், முதலில் தயங்கினாராம். காங் வற்புறுத்திப் பாடவைத்தார்.

‘இட் மெக்’ எனக்குச் செல்லப் பாட்டு. ‘அதனாலதான்’ என்கிற மாதிரி ஜமேக்கப் பேச்சு. அவர் தங்கை வீட்டுத் திண்ணையிலிருந்து விழுந்து அழுததிலிருந்து வந்த பாட்டு. சின்னப் பிள்ளை விழுந்தால் ‘சொன்னேன்ல, கேட்டியா’ என்போமே, அதே தொனி. பிரிட்டனில் ஏழாம் இடம் வந்தது நம்ம வீட்டுத் திண்ணைச் சண்டை!

#18 பட்டறைக்காரன் (கோவை)

வணக்கமுங்க. நான் இசை விவரம் தெரிஞ்ச ஆள் இல்லீங்க. கணபதி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில இருபத்தி ரெண்டு வருசமா வெல்டர். தலைப்பைத் தேடி வரலீங்க, வெல்டிங்னு தேடும்போது இந்த இழை வந்துச்சு, முழுசாப் படிச்சுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. வேலை செஞ்சுட்டே பாடுவார்னு போட்டிருக்கீங்க. வெல்டிங் பண்றவன் பாடறதுக்குக் காரணம் இருக்குதுங்க. முகமூடியை இறக்கிட்டா வெளியுலகம் இருட்டு. அந்த நெருப்புப் புள்ளி ஒண்ணுதான் தெரியும். யார்கிட்டயும் பேச முடியாது, யாரையும் பார்க்க முடியாது. கை ஆடாம ஒரே சீரா நகரோணும். மனசுக்குள்ள ஒரு பாட்டு ஓடுனா கையும் அதே சீருல போகும். நான் முப்பது பாட்டாவது அப்படி முகமூடிக்குள்ளயே பாடியிருப்பேன், ஒருத்தரும் கேட்டதில்லை. தாளத்துக்கு நடுவுல வெட்டுறதுன்னு சிவா சார் சொன்னாரே, கசடு தட்டுற சுத்தியல் சத்தம் பக்கத்து ஆளோடது எப்பவும் நம்ம தாளத்துக்கு நடுவுலதான் வந்து விழும்.

மார்லியும் வெல்டரா இருந்தார்னு போட்டிருந்தீங்க. அவர் ஏன் விட்டார்?

#19 ஊசித்தட்டு

அண்ணா, வாங்க. நீங்கள் எழுதியது எந்த இசைப் புத்தகத்திலும் இருக்காது.

மார்லிக்குக் கண்ணில் இரும்புத் துகள் தெறித்து, பெரிய வலி. அதோடு அந்த வேலையை விட்டு முழுசாகப் பாட்டுக்கு வந்துவிட்டார் என்று அவர் வரலாற்றில் வரும். டெக்கர் தன் முதல் தட்டு வெளியாகும்வரை இரண்டு வருஷம் பட்டறையிலேயே தாக்குப்பிடித்தார்.

#20 பட்டறைக்காரன்

துகள் விழுந்தா ராத்திரி பூரா கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குமுங்க. அந்த வலி எனக்கும் தெரியும்.

அந்தப் பாட்டு என்ன சொல்லுதுன்னு நீங்க எழுதுனதை வெச்சுட்டுக் கேட்டேன். முதல் வரியில ‘சார்’னு ஒரு வார்த்தை வருதுங்களே, அது நெசமாவே சார்தானா?

#21 நாஞ்சில்_ஜெபா

ஆமாம் அண்ணா, அதேதான். விடியக்காலம் எழுந்து மாடாய் உழைக்கிறேன் ‘ஐயா’ என்கிறார். யாரோ ஒரு முதலாளி, அல்லது அதிகாரி, முன்னால் நின்று கேட்கிற மாதிரி. கடவுளிடம் சொல்வதாகவும் எனக்குக் கேட்கும்.

#22 பட்டறைக்காரன்

சம்பள நாள்ல மேனேஜர் முன்னாடி நிக்கற குரல்தானுங்க அது. எனக்கு ஒடனே தெரிஞ்சுது.

இன்னைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல போன்ல போட்டேன். கிரைண்டிங் பண்ற பையன் ‘யாருண்ணா இது’ன்னான். ‘வெல்டர், ஜமேக்காக்காரர்’னேன். மறுபடி போடச் சொன்னான். தாய் தகப்பன் பாட்டும் கேக்கணும், எங்க கிடைக்கும்? தேடுனா ஒரே பாட்டு அஞ்சாறு விதமா வருது.

#23 ஊசித்தட்டு

அண்ணா, அதில் கவனம் வேண்டும். டெக்கர் பின்னாளில் தன் பழைய பாட்டுகளைப் பல தடவை மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார். மலிவுத் தொகுப்புகளில் பெரும்பாலும் அவைதான் இருக்கும். பெயரும் படமும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே சரக்கு வேறு. பெவர்லிஸ் காலத்தது என்றால் தயாரிப்பாளர் பெயர் லெஸ்லி காங் என்று இருக்கும், வருஷம் 1963க்கும் 1971க்கும் இடையில். தொடக்கத்தில் மின்விசைப்பலகையும் மின்டிரம்ஸும் கேட்டால் அது பிந்தியது, விட்டுவிடுங்கள். ‘ஹானர் யுவர் மதர் அண்ட் ஃபாதர்’ பழைய பதிவில் ஒலி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், குரல் இருபது வயசுப் பையனின் குரல். பட்டறை இரைச்சலில் சரியாகக் கேட்காது. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போடுங்கள்.